பாம்புப் பெட்டியில் வைத்த ஈரப் பஞ்சு

என் மருமகளின் மலைப்பாம்பு ஈரம் தேடித் தண்ணீர்த் தொட்டியில் போய்ப் படுத்தது. நான் அந்தத் தொட்டியை எடுத்துவிட்டு, அது உடம்பை நுழைக்க முடியாத ஒரு சின்னக் கிண்ணத்தை வைத்தேன். பெட்டிக்குள் ஈரப்பதம் இருக்க வேண்டியதில் பாதியளவே இருந்த நாட்களில், எல்லாம் சரியாக இருப்பதாகக் காட்டும் படங்களை வெளிநாட்டில் இருந்த அவளுக்குத் தினமும் அனுப்பினேன். படத்தில் தெரிந்த எண் பொய். அதைச் செய்து வைத்தவன் நான். அப்போது எனக்கு எழுபது கடந்திருந்தது. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

ஓசூரில் கெலமங்கலம் சாலைப் பக்கம் ஒரு மனைப்பிரிவில் எங்கள் வீடு இருக்கிறது. எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. பல்சக்கரங்கள் செய்து கப்பலில் வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் சேர்ந்து, அந்தப் பிரிவின் தலைவனாக ஓய்வு பெற்றேன். மனைவி இறந்துவிட்டாள். ஒரே மகன் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். வருஷத்தில் பாதி கடலில் இருப்பான். ஆகவே வீட்டில் பெரும்பாலும் நானும் மருமகளும்தான். அவள் ஊத்தங்கரைப் பெண். இங்கே சர்க்யூட் போர்டு செய்யும் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியராக இருக்கிறாள்.

பாம்பு அவளுடையது. கல்யாணத்துக்கு முன்பே வளர்த்தது. ஆப்பிரிக்க வகை; ஆங்கிலத்தில் பால் பைத்தான், அதாவது பந்து மலைப்பாம்பு, என்கிறார்கள். பயந்தால் பந்தாகச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும், அதனால் அந்தப் பெயர். விஷம் கிடையாது. கடிக்கிற சுபாவமும் இல்லை. நாலடிக்கும் குறைவான நீளம், கறுப்பும் பழுப்புமாகத் திட்டுத்திட்டாக உடம்பு. அரசாங்க இணையதளத்தில் முறையாகப் பதிவு செய்து வைத்திருந்தாள். பின்பக்கத்துச் சின்ன அறையில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு நீளப் பெட்டி. ஒரு பக்கம் மேலே வெப்பத் தகடு, அதன் கீழே பாம்பு ஒளிந்துகொள்ள ஒரு மறைவிடம்; மறுபக்கம் குளிர்ச்சி. தரையில் தேங்காய் நார்த்தூள். குளிர்ந்த பக்கத்தில் பாம்பு முழுதாகச் சுருண்டு படுக்கும் அளவுக்கு ஒரு பீங்கான் தண்ணீர்த் தொட்டி. நடுவில், ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் ஈரப் பாசி; பாம்பு வேண்டும்போது உள்ளே போய் இருந்துகொள்ளும். சுவரில் ஒரு டிஜிட்டல் ஈரமானி. அதன் உணர்முனை ஒரு மெல்லிய வயரில் பெட்டிக்குள் தொங்கியது.

எனக்கு அந்தப் பாம்பின் மேல் வெறுப்பு இருந்ததில்லை. தொட மாட்டேன், அவ்வளவுதான். அவள் அதைக் கையில் சுற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்தால் நான் செய்தித்தாளைச் சற்று உயர்த்திக்கொள்வேன். அவளும் அதற்குமேல் கிட்டே கொண்டுவர மாட்டாள்.

எங்கள் இருவருக்கும் பேசுவதற்கு ஒரு பொது விஷயம் இருந்தது. காற்றில் உள்ள ஈரம். என் தொழிற்சாலையில் ஈரம் என்றால் துரு. எண்ணெய் பூசி, துருத்தடுப்புத் தாளில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, பெட்டியை மூடி அனுப்பினாலும், கடலைத் தாண்டிப் போய்த் திறக்கும்போது ஒரு பல்லில் செம்புள்ளி இருந்தால் மொத்தச் சரக்கும் திரும்பி வரும். அவள் தொழிற்சாலையில் நேர்மாறு. காற்று வறண்டால் நிலைமின்சாரம் ஏறி போர்டு கெட்டுவிடும் என்று கோடையில் இயந்திரம் வைத்துக் காற்றில் ஈரம் சேர்ப்பார்கள்.

"எங்க கியர உங்க கம்பெனியில ஒரு வாரம் வச்சா துருப்பிடிச்சே செத்துரும்" என்பேன்.

"எங்க போர்டுக்கு உங்க கம்பெனியில ஒரு நாளே போதுங்க மாமா" என்பாள்.

ஒரு மார்ச் மாதத் தொடக்கத்தில் அவளை ஆறு வாரப் பயிற்சிக்கு மலேசியாவுக்கு அனுப்பினார்கள். மகன் கடலில் இருந்தான். பாம்பை யாரிடமாவது விட்டுப் போகிறேன் என்றுதான் முதலில் சொன்னாள். நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவளுக்கு ஆச்சரியம். கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு என்னைப் பெட்டிமுன் நிறுத்திச் சொல்லிக்கொடுத்தாள். தண்ணீர் தினமும் மாற்ற வேண்டும். தொட்டியைக் கழுவித்தான் ஊற்ற வேண்டும். போர்வெல் தண்ணீர் வேண்டாம், உப்பு படியும், குடிதண்ணீர் போதும். பாசி காய விடக் கூடாது. பிழிந்தால் சொட்டாமல், தொட்டால் ஈரம் தெரிகிற பதம். ஈரமானியில் எண் அறுபதுக்கும் எழுபதுக்கும் நடுவில் இருக்க வேண்டும். தோல் உரிக்கும் சமயத்தில் இன்னும் கொஞ்சம் கூட.

"சாப்பாடு?" என்று கேட்டேன்.

"நேத்துதான் போட்டேன். சாப்பாடு இல்லாட்டி இது ரெண்டு மாசம்கூட தாங்கும் மாமா. தண்ணி இல்லாட்டிதான் தாங்காது."

பிறகு சொன்னாள்: "ஈரத்தைப் பத்தி உங்களவிடத் தெரிஞ்சவங்க யாரு இருக்காங்க? எனக்குக் கவலையே இல்ல."

அந்தப் பேச்சின் சந்தோஷத்தில், தினமும் ஈரமானியைப் படம் எடுத்து அனுப்புகிறேன் என்று நானாகச் சொன்னேன். அவள் கேட்கவில்லை.

முதல் வாரம் எல்லாம் சொன்னபடி நடந்தது. பாம்பு மறைவிடத்துக்குள் போன பிறகே கதவைத் திறப்பேன். தோட்ட வேலைக்குப் போடும் ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு தொட்டியை எடுப்பேன். பாசி டப்பாவைத் திறந்து தண்ணீர் தெளிப்பேன். இரண்டாவது வாரம் பாசியின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தது. நார்த்தூளிலும் ஒரு மூலையில். ஈர மண் வாசனை. அந்த வாசனை எனக்குப் பிடிக்காது. பேக்கிங் ஹாலில் அந்த வாசனை வந்தால் அன்றைக்கு யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

அவளுக்குப் போன் செய்து கேட்டிருக்கலாம். பூஞ்சை பட்டதை எடுத்துப் போட்டுவிட்டுப் புதுப் பாசி வைக்கச் சொல்லியிருப்பாள்; பொட்டலம் அலமாரியில்தான் இருந்தது. நான் கேட்கவில்லை. ஈரத்தைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவர் இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாளே. பாசி டப்பாவை வெளியே எடுத்தேன். நார்த்தூளை முறத்தில் அள்ளிக் கொட்டிவிட்டுச் செய்தித்தாள் விரித்தேன். பூஞ்சை திரும்ப வரக் கூடாது என்று, ஓட்டை போட்ட ஒரு டப்பாவில் சிலிக்கா ஜெல் நிரப்பி மூலையில் வைத்தேன். ஓய்வு பெற்றபோது எடுத்து வந்த ஒரு டின் அது. அலமாரியில் எதற்கு என்று தெரியாமலே இருந்தது. நீல மணிகள். ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாக மாறும். மாறியதும் பழைய இரும்புச் சட்டியில் போட்டு அடுப்பில் வறுப்பேன், திரும்ப நீலமாகும். மார்ச் மாத ஓசூர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் இல்லை. லாரித் தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்த காலம். இரண்டு நாளில் ஈரமானி அறுபதிலிருந்து நாற்பதுக்கு வந்து, முப்பதுகளில் நின்றது.

எண் இறங்கியபோது எனக்குத் திருப்தியாக இருந்தது. இதைச் சொல்லத்தான் வேண்டும். வேலையில் இருந்த காலம் முழுவதும் அந்த எண் இறங்கினால் நல்லது, ஏறினால் கெட்டது. அறுபதுக்குக் கீழே போகக் கூடாது என்று அவள் சொன்னது மனதில் இருந்தது. ஆனால் என் கண் முப்பத்தாறைப் பார்த்து நிம்மதி அடைந்தது.

அன்று மாலை படம் அனுப்ப வேண்டிய நேரம் வந்தது. முப்பத்தாறை அனுப்ப முடியாது. உண்மையைச் சொன்னால் இரண்டு வரிதான். பூஞ்சை வந்தது, காயவைத்தேன், இனி ஈரமாக்குகிறேன். சொல்லியிருந்தால் அவள் சிரித்திருப்பாள். நான் ஒரு துண்டுப் பஞ்சைத் தண்ணீரில் நனைத்து உணர்முனையில் சுற்றினேன். எண் ஏறியது. எழுபதைத் தாண்டியதும் பஞ்சை எடுத்தேன். இறங்கி வரும்போது அறுபத்தைந்தில் படம் எடுத்தேன்.

இந்த வித்தை எனக்குப் புதிதல்ல. எங்கள் தொழிற்சாலையில் வாடிக்கையாளரின் தணிக்கைக்காரர் வரும் நாளில், பேக்கிங் ஹாலின் ஈரமானிக்குப் பக்கத்தில் ஒரு குண்டு பல்பை எரியவிட்டு எண்ணை இறக்கிக் காட்டிய ஓர் ஆபரேட்டரை நான் பிடித்திருக்கிறேன். மெமோ கொடுத்தேன். பொய்யான எண்ணைவிட எண் இல்லாததே மேல், எண்ணை நம்பி அடுத்தவன் ஒரு காரியம் செய்வான் என்று அவனிடம் நின்றபடியே பேசினேன். அந்த மெமோ சரியானதுதான். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மறுநாள் பஞ்சு இன்னும் சுலபமாக இருந்தது. தினமும் அறுபத்தைந்து என்றால் சந்தேகம் வரும் என்று ஒரு நாள் அறுபத்திமூன்றில் எடுத்தேன், ஒரு நாள் அறுபத்தெட்டில். தரக்கட்டுப்பாட்டில் இருந்தவனுக்கு இது தெரியாமல் இருக்குமா? அவள் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கும்பிடு அனுப்புவாள்.

இதற்கிடையில் பாம்பு தண்ணீர்த் தொட்டியில் போய்ப் படுக்க ஆரம்பித்தது. காலையில் பார்த்தால் தொட்டிக்குள் சுருண்டிருக்கும், மாலையிலும் அங்கேயே. தண்ணீர் தளும்பி வழிந்து செய்தித்தாள் நனைந்தது. நனைந்த தாளில் திரும்பவும் பூஞ்சை வரும் என்று தோன்றியது. பாம்பு தொட்டியை விட்டு இறங்கிய ஒரு மதியம் அதை எடுத்துவிட்டு, குழம்புக்கு வைக்கும் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன். அதன்பின் பாம்பு கிண்ணத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. தலையை விளிம்பில் வைத்து உள்ளே போகப் பார்த்தது. கிண்ணம் கவிழ்ந்தது. நான் ஒரு கல்லை முட்டுக் கொடுத்தேன். உடம்பு காய்கிற பாம்பு தண்ணீரில் போய் ஊறும் என்பது பிற்பாடு எனக்குச் சொல்லப்பட்டது. ஆனால் அந்த மதியம் அது எதையோ தேடுகிறது என்பது சொல்லாமலே தெரிந்தது. தெரிந்துதான் கல்லை வைத்தேன்.

பெரிய வியாழனுக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்யக் கோவிலுக்குப் போனேன். பொய் சொன்னேன் சாமி என்று பாதிரியாரிடம் சொன்னேன். எத்தனை முறை என்று கேட்டார். தினமும் என்றேன். யாரிடம், எதற்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் பாம்பு என்ற சொல்லை எடுக்கவில்லை. வரிசை நீளமாக இருந்தது. ஒரு ஜெபமாலை சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டு லேசான மனதோடு வீட்டுக்கு வந்து பஞ்சை நனைத்தேன்.

அந்த வாரம் பாம்பின் கண்கள் பால் ஊற்றியதுபோல் வெளுத்தன. உரிக்கப் போகிறது என்று அர்த்தம். நன்றாக ஈரம் இருந்தால் தோல் மூக்கிலிருந்து வால் வரைக்கும், காலுறையைக் கழற்றுவதுபோல், ஒரே உரியாக வரும். இங்கே துண்டு துண்டாக வந்தது. காய்ந்த வெங்காயச் சருகு மாதிரி பெட்டியெங்கும் சிதறிக் கிடந்தது. உடம்பில் அங்கங்கே திட்டாக ஒட்டியும் இருந்தது. உரித்துவிட்டது என்று மட்டும் அவளிடம் போனில் சொன்னேன்.

"ஒரே துண்டா வந்துச்சுங்களா மாமா?"

"ஆமாம்மா."

"எடுத்து வெச்சிடுங்க, நான் வந்து பாக்கறேன்."

வீட்டு வேலைக்கு வரும் அம்மா பெருக்கும்போது குப்பையில் போட்டுவிட்டாள் என்றேன். அந்த அம்மா தெலுங்குக்காரி, பல வருஷமாக வருகிறவள். பாம்பு வந்த நாளிலிருந்து அந்த அறைக்குள் காலே வைத்ததில்லை.

மருமகள் வருவதற்கு முந்தின நாள் சிலிக்கா ஜெல்லை எடுத்து மறைத்தேன். சாலையோர நர்சரியில் புது நார்த்தூள் வாங்கிப் பரப்பினேன். புதுப் பாசியை நனைத்து டப்பாவில் வைத்தேன். பீங்கான் தொட்டியில் தண்ணீர் நிரப்பினேன். பாம்பு நான் கையை எடுப்பதற்குள் தொட்டியில் இறங்கியது. ஈரமானி அறுபத்துநாலு காட்டியது. பல நாளுக்குப் பிறகு பஞ்சில்லாத எண்.

அவள் பயணப் பெட்டியைக்கூட இறக்காமல் அந்த அறைக்குத்தான் போனாள். வெகுநேரம் வரவில்லை. நான் எட்டிப் பார்த்தபோது பாம்பை மடியில் வைத்து, செல்போன் வெளிச்சத்தில் அதன் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய தோல் வால்நுனியில் ஒரு வளையமாக இறுகியிருந்தது. அதற்குக் கீழே ஒரு விரற்கடை நீளம் கறுத்துக் காய்ந்திருந்தது. இரண்டு கண்ணின் மேலும், தோலோடு சேர்ந்து உரிந்திருக்க வேண்டிய பழைய படலம் சுருங்கி ஒட்டியிருந்தது.

வேலைக்கார அம்மாவிடம் அவள் மெதுவாகத்தான் கேட்டாள், தோலை எங்கே போட்டீங்க என்று. அந்த அம்மா விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நான் அந்த ரூமு வாசப்படியக்கூட மிதிக்கலம்மா. அய்யாவையே கேளு." வயதானவருக்கு ஞாபகம் பிசகியிருக்கும் என்று மருமகள் நினைத்துக்கொண்டாள். நினைக்கட்டும் என்று விட்டேன்.

அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி, பெங்களூரில் இப்படிப்பட்ட பிராணிகளைப் பார்க்கும் ஒரு டாக்டரிடம் கொண்டு போனாள். அவர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து வளையத்தை எடுத்தார். கண் படலத்தை இழுக்கக் கூடாது, அடுத்த உரிப்பில் வருகிறதா பார்ப்போம் என்றார். வால்நுனி போனது போனதுதான். ஈரப்பதம் எவ்வளவு இருந்தது என்று கேட்டாராம். அவள் என் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டியிருக்கிறாள். அறுபத்தைந்திலேயே இப்படி என்றால் இந்தப் பாம்புக்கு அது போதவில்லை போலிருக்கிறது, ஏற்றிப் பாருங்கள் என்று சொல்லியனுப்பினார். படங்களை வைத்துப் பார்த்தால் சரியான ஆலோசனைதான்.

அவள் ஏற்றினாள். காற்றுத் துவாரங்களில் பாதியை டேப் போட்டு அடைத்தாள். காலையும் மாலையும் தெளித்தாள். எண்பது, எண்பத்தைந்து. நான் கூடத்தில் உட்கார்ந்து அந்தத் தெளிப்பான் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மே மாதம் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு, கண் படலம் அடுத்த உரிப்பில் கழன்றுவிட்டால் சொல்ல வேண்டிய தேவையே இருக்காது என்று நினைத்தேன்.

ஜூனில் சாரல் பிடித்தது. ஓசூரின் குளிர். பெட்டிக்குள் கண்ணாடியில் தண்ணீர் கோடு கோடாக இறங்கியது. பாம்பு தலையை மேலே தூக்கி வைத்துக்கொண்டு மூச்சு விட ஆரம்பித்தது. கிட்டே போனால் சின்னதாக ஒரு சத்தம் கேட்கும், பால்பாயின்ட் பேனாவை அழுத்துவதுபோல. வாயோரத்தில் நுரை. திரும்பவும் பெங்களூருக்குப் போனாள். நுரையீரலில் சளி, ஈரமும் குளிரும் சேர்ந்தால் வருவது. ஊசி தொடங்கினார்கள்.

அன்று சாயங்காலம் சமையலறை மேசையில் எதிரில் வந்து உட்கார்ந்தாள். டீ ஆறிக்கொண்டிருந்தது. ஈரத்தைக் குறைக்காவிட்டால் சளி குறையாது என்கிறார் டாக்டர். குறைத்து அறுபத்தைந்துக்குக் கொண்டுவந்தால் மறுபடி தோல் ஒட்டும், இந்தத் தடவை கண் போய்விடலாம். இரண்டில் எது என்று இரவுக்குள் யோசித்துச் சொல்லச் சொல்லியிருக்கிறார். இவ்வளவையும் சொல்லிவிட்டு, செல்போனில் என் படங்களைத் திறந்து மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

"எங்க தப்பு பண்ணேன்னே தெரியல மாமா. நம்பர் எல்லாம் சரியாத்தான இருக்குது."

எண்ணை நம்பி அடுத்தவன் ஒரு காரியம் செய்வான் என்று நான் நின்றபடி பேசிய பேச்சு அப்போது நினைவுக்கு வந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். அப்படி எதுவும் வரவில்லை. அவள் இரவுக்குள் டாக்டருக்குப் பதில் சொல்ல வேண்டும், அந்தப் பதில் தப்பாகத்தான் இருக்கும் என்பது மட்டும் தெரிந்தது.

"அந்த நம்பர் சரியில்லம்மா" என்றேன். "பஞ்சை நனைச்சு வச்சு எடுத்தேன். உள்ள முப்பத்தஞ்சு, முப்பத்தாறுதான் இருந்துச்சு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் நிறுத்தாமல் மற்றதையும் சொன்னேன். பூஞ்சை, செய்தித்தாள், சிலிக்கா ஜெல், தொட்டி, கிண்ணம், கல். தோல் துண்டு துண்டாக வந்ததையும் குப்பையில் போட்டது நான்தான் என்பதையும்.

"எத்தனை படம்?"

"ரெண்டாவது வாரத்துல இருந்து எல்லாமே."

செல்போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். பிறகு கேட்டாள்: "தொட்டியில போய் படுத்துச்சா?"

"தினமும்."

"அத எங்கிட்ட சொல்லியிருந்தீங்கன்னாகூடப் போதும் மாமா."

எழுந்து போய் டாக்டருக்குப் போன் செய்தாள். கதவு திறந்திருந்ததால் கேட்டது. முன்பு சொன்ன எண்கள் தவறு, உண்மையில் முப்பத்தைந்துதான் இருந்தது, வீட்டில் அளந்ததில் பிழை நடந்துவிட்டது என்று சொன்னாள். யார் பிழை என்று சொல்லவில்லை. அப்படியானால் குழப்பமே இல்லை என்றிருக்கிறார் அவர். தோல் ஒட்டியது வறட்சியால், சளி வந்தது அதிக ஈரத்தால். அறுபதுக்குக் கொண்டுவாருங்கள், காற்றுத் துவாரத்தைத் திறங்கள், சூட்டைக் கொஞ்சம் ஏற்றுங்கள். அன்றிரவே அவள் டேப்பைக் கிழிக்கும் சத்தம் கேட்டது.

மறுநாள் வேலைக்கார அம்மாவிடம் நானே சொன்னேன். அவள் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தாமல் கேட்டாள். "பாம்பு மேல பழி போட்டா யாரும் நம்பமாட்டாங்கன்னு என் மேல போட்டீங்களாக்கும்." பிறகு குழாயை இன்னும் திருகிவிட்டாள். மகனுக்கும் எழுதினேன். இரண்டு நாள் கழித்து, அவளிடம் பேசிவிட்டேன், நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது.

பரிகாரம் என்று முதலில் செய்தது மடத்தனம். காற்றில் தண்ணீரைப் புகையாக விடும் ஓர் இயந்திரத்தை ஆன்லைனில் விலை கூடியதாகப் பார்த்து வாங்கினேன். அவள் அது வந்த அட்டைப்பெட்டியைப் பார்த்தாள், நன்றி சொன்னாள், சளி பிடித்த பாம்புக்கு இது ஆகாது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாள். குரலில் கோபம் இல்லை. மரியாதையில் ஒரு குறையும் இல்லை. சாப்பாடு வைப்பாள், மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்பாள். தொழிற்சாலைப் பேச்சு மட்டும் நின்றுவிட்டது.

ஊசி மூன்று நாளுக்கு ஒருமுறை, வீட்டிலேயே போட வேண்டும். ஒருவர் பாம்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். முதல் ஊசிக்கு அவளுடைய தோழி ஒருத்தி வந்தாள். இரண்டாவதன்று அந்தப் பெண்ணுக்கு ஷிப்ட் மாறிவிட்டது. மருமகள் அறையில் தனியாக நின்று பாம்பை ஒரு துண்டில் சுற்றப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போய்க் கையை நீட்டினேன். கையுறை வேண்டாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். வழவழப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். உலர்ந்து, நன்றாகப் பதனிட்ட தோல்பை மாதிரி இருந்தது. உள்ளே சதை நகர்ந்தது. ஊசி ஏறியபோது என் மணிக்கட்டை ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கியது, பிறகு தளர்ந்தது. கறுத்த வால்நுனி என் உள்ளங்கையில் இருந்தது. அதற்குப் பிறகு எல்லா ஊசிக்கும் நான்தான் பிடித்தேன்.

தண்ணீர் மாற்றும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அவள் உடனே சரி என்று சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து, தொட்டியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். தினமும் காலையில் பீங்கான் தொட்டியை எடுத்துக் கழுவி, வெயில் இருந்தால் காயவைத்து, குடிதண்ணீர் நிரப்பி வைக்கிறேன். பாசியை அவள் பார்த்துக்கொள்கிறாள். தொழிற்சாலையிலிருந்து வந்ததும் டப்பாவுக்குள் விரலை விட்டுப் பார்ப்பாள். நான் தொட்டியை மாற்றியிருந்தாலும் அதிலும் விரலை வைத்துப் பார்ப்பாள். முதல் மாதங்களில் எனக்கு அது தைத்தது. இப்போது பழகிவிட்டது.

சளி ஆடிக்குள் போய்விட்டது. வால்நுனி ஒரு நாள் தானே விழுந்தது; கிராம்பு அளவு. ஆகஸ்டில் கண் மறுபடி வெளுத்தது. அந்த ஒரு வாரம் நாங்கள் இருவரும் அந்த அறைக்குள் தேவைக்கு அதிகமாகப் போய்வந்தோம். ஒரு காலையில் தொட்டியை எடுக்கப் போனபோது, பாசி டப்பாவின் ஓட்டையில் தோல் ஒரே உரியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தலைப் பக்கத்தில், கண் இருந்த இடத்தில், இரண்டு கண்ணாடி வட்டங்கள். இரண்டும் ஒரே கண்ணுக்கு, ஒன்றின்மேல் ஒன்று; இன்னொரு கண்ணின் இடத்தில் ஓட்டை. பழைய படலம் ஒரு கண்ணில் கழன்றுவிட்டது, இன்னொன்றில் இல்லை என்பதை எண்ணிப் பார்த்துதான் தெரிந்துகொண்டேன். நான் தோலைத் தொடவில்லை. அவளைக் கூப்பிட்டேன். அவளும் எண்ணினாள். இடக்கண்ணில் ஒரு சுருக்கம் இன்றும் இருக்கிறது. அடுத்தடுத்த உரிப்புகளில் போகலாம் என்கிறார் டாக்டர்.

இந்த வருஷம் அவளை மறுபடி மலேசியாவுக்கு அனுப்பினார்கள். போவதற்கு முன் புதிதாக இரண்டு ஈரமானிகள் வாங்கிப் பெட்டியின் இரண்டு பக்கமும் பொருத்தினாள். எண் நேராக அவள் செல்போனுக்குப் போகும் வகை. எனக்கு விளக்கிச் சொன்னாள், ஏன் வாங்கினேன் என்று மட்டும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பாசியை இந்தத் தடவை என்னிடம் விட்டாள்.

போன வாரம் இரவுச் சாப்பாட்டுக்கு முன் அவள் போன் வந்தது. ஈரப்பதம் எவ்வளவு என்று அவள் கேட்பதில்லை. என்னைவிட முன்னால் அவளுக்குத் தெரிகிறது.

"தண்ணி மாத்தினீங்களா மாமா?" என்றாள்.

அதை அளக்க அந்தப் பெட்டியில் கருவி எதுவும் இல்லை. அன்று காலை முழங்கால் வலியில் படுத்துவிட்டேன், மறந்துபோனது. தொட்டியில் நேற்றைய தண்ணீர் நிறையத்தான் இருந்தது.

"இல்லம்மா, இன்னிக்கு மாத்தல. மறந்துட்டேன்."



"சரிங்க மாமா. இப்ப மாத்திடுங்க. நான் லைன்ல இருக்கேன்."

செல்போனை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். பாம்பு மறைவிடத்தில் இருந்தது. தொட்டியை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன்.